"ஏதோ கெமிக்கல் சார்"

1/ மக்களே, கொஞ்சம் நீளமான இழை. மாதவரம், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வேலைக்குப் போறவங்க, அங்கேயே குடியிருக்கறவங்க, தினமும் டேங்கர் லாரிக்குப் பின்னாடி பைக்ல போறவங்க எல்லாரும் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. உங்க கண்ணு, கை, நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

2/ நான் வடசென்னையில எமர்ஜென்சி பார்க்கற டாக்டர். இத்தனை வருஷத்துல எனக்கு ரொம்பக் கோபம் வர வெச்ச வாக்கியம் ஒண்ணு இருக்கு. கெட்ட வார்த்தை எல்லாம் இல்ல. மூணே சொல். "ஏதோ கெமிக்கல் சார்." இந்த மூணு சொல்லுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு சொல்லத்தான் இந்த இழை.

3/ ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். 26 வயசுப் பையன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் செய்யற ஒரு ஷெட்ல ஹெல்பர். வலது கையில மூணு விரலைப் பிடிச்சுக்கிட்டு அலர்றான். ஆனா விரலைப் பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியல. லேசான சிவப்பு, நகத்தடியில கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான்.

4/ கூட வந்த சூப்பர்வைசர் சொல்றார்: "வெல்டிங் சூடு பட்டுருக்கும் சார். ஒரு ஊசி போட்டு அனுப்புங்க, காலைல ஷிப்ட் இருக்கு." பையன் சொல்றான்: "சூடு இல்ல சார். சாயங்காலம் வெல்டிங் கறுப்பு போறதுக்கு இன்னாவோ பேஸ்ட் தடவுனேன். கிளவுஸ் கிழிஞ்சிருந்துச்சு."
என்ன பேஸ்ட்?
"ஏதோ கெமிக்கல் சார்."

5/ கேன்ல இருக்கற லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கன்னேன். சூப்பர்வைசர் வெளிய போய் ஓனர்கிட்ட பேசிட்டு வந்தார். "கம்பெனி பூட்டியாச்சு சார், சாவி இல்ல"ன்னார். ஷெட்ல நைட் ஷிப்ட் ஓடிக்கிட்டு இருக்குன்னு அந்தப் பையன் என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டான்.

6/ ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு போட்டோ வந்துச்சு. அனுப்பினது ஓனர் இல்ல, சூப்பர்வைசரும் இல்ல. பையனோட கூட வேலை செய்யற இன்னொரு ஹெல்பர், யாருக்கும் தெரியாம எடுத்து வாட்ஸ்அப்ல போட்டிருந்தான். பாதி கிழிஞ்ச லேபிள். அதுல ரெண்டு பேர் இருந்துச்சு: நைட்ரிக் ஆசிட், ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்.

7/ இந்த ரெண்டாவது ஆசிட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. மத்த ஆசிட் பட்டா உடனே எரியும், நீங்களே ஓடிப்போய் கழுவுவீங்க. இது கம்மி அடர்த்தியில இருந்தா பட்ட உடனே வலிக்காது. தண்ணி பட்ட மாதிரிதான் இருக்கும். சில மணி நேரம் கழிச்சு, சில சமயம் மறுநாள்தான் வலி ஆரம்பிக்கும். அதுக்குள்ள அது தோலைத் தாண்டி எலும்பு வரைக்கும் போயிருக்கும்.

8/ இதுல இருக்கற ஃபுளோரைடு உடம்புல இருக்கற கால்சியத்தைப் பிடிச்சுக்கும். ரத்தத்துல கால்சியம் இறங்கினா இதயத் துடிப்பு தாறுமாறாகும். கெட்டியான ஆசிட் உள்ளங்கை அளவு இடத்துல பட்டாலே ஆள் சாக வாய்ப்பிருக்கு. இதுக்கு மருந்து சாதா தீக்காயக் களிம்பு இல்ல. கால்சியம் குளுக்கோனேட்.

9/ வலியைப் பார்த்து எனக்கு சந்தேகம் வந்துச்சு, பேர் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டோம். ரெடிமேட் ஜெல் ஸ்டாக் இல்ல. கால்சியம் குளுக்கோனேட் ஊசி மருந்தை ஜெல்லியோட கலந்து, ஒரு கிளவுஸுக்குள்ள ஊத்தி, கையை உள்ள விட வெச்சோம். பேர் தெரிஞ்ச பிறகுதான் இ.சி.ஜி. மானிட்டர், கால்சியம் டெஸ்ட், விரலுக்குள்ள ஊசின்னு முழு வேகத்துல போக முடிஞ்சது.

10/ கை தப்பிச்சது. ஒரு விரலோட நுனி போச்சு. அவன் கை தப்பிச்சதுக்குக் காரணம் நான் எப்பவோ படிச்சது ஞாபகத்துல இருந்ததுதான். எல்லா ஊர்லயும், எல்லா ராத்திரியும், டூட்டியில இருக்கற டாக்டருக்கு அது ஞாபகம் வரும்னு நம்பறது சூதாட்டம். லேபிள்ல இருக்கற ரெண்டு பேரைச் சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

11/ ஏன் சொல்லல? ஓனர் கெட்டவர்ங்கறதுக்காக இல்ல. கணக்கு போட்டார். பேர் சொன்னா கேஸ் ஷீட்ல எழுதுவாங்க. எழுதினா மெடிக்கோ லீகல். போலீஸ் வரும், இன்ஸ்பெக்டர் வருவார். அந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. இருக்கான்னு கேப்பாங்க. கிளவுஸ் ஏன் கிழிஞ்சிருந்துச்சுன்னு கேப்பாங்க. "ஏதோ கெமிக்கல்"னு சொல்லிட்டா ஒரு கேள்வியும் இல்ல.

12/ ஆக, பேர் தெரியாதது அறியாமை இல்ல. அது ஒரு ஏற்பாடு. கேனை வாங்கறவருக்குத் தெரியும், பில் போடறவருக்குத் தெரியும், விக்கறவருக்குத் தெரியும். கையில தடவறவனுக்கு மட்டும் தெரியாது. இதைத்தான் நான் குத்தம்னு சொல்றேன். சிந்தறது விபத்தா இருக்கலாம். பேரை மறைக்கறது விபத்து இல்ல.

13/ "ஒரு சின்ன ஷெட்டை வெச்சு இவ்வளவு பேசறீங்களே டாக்டர்"னு கேப்பீங்க. சரி, பெருசையே பார்ப்போம்.

14/ 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கற நேரம். எண்ணூர்ல கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணு எரிஞ்சு, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. நாற்பதுக்கும் மேற்பட்டவங்க ஆஸ்பத்திரியில. கம்பெனி அறிக்கை, சிலருக்கு அசௌகரியம் ஏற்பட்டதுங்கற தோரணையில இருந்துச்சு.

15/ அசௌகரியம்! பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலன்னா அசௌகரியம். அமோனியா காரம். ஈரம் எங்க இருக்கோ அங்க போய் ஒட்டும்: கண்ணு, மூக்கு, தொண்டை, நுரையீரல். கண்ணைப் பொறுத்தவரைக்கும் காரம் ஆசிட்டை விட மோசம், உள்ள ஊடுருவிக்கிட்டே போகும். அமோனியான்னு தெரிஞ்ச ஒருத்தர், ஈரத்துணியால மூக்கை மூடி, காத்துக்குக் குறுக்கால விலகிப் போவார். தெரியாதவர் காத்து அடிக்கற திசையிலேயே ஓடுவார்.

16/ 2024 அக்டோபர் 25, திருவொற்றியூர்ல ஒரு தனியார் பள்ளி. வாயு நெடி, பிள்ளைங்க மயங்கி விழுந்தாங்க. பள்ளியை மூடி, திறந்தாங்க. நவம்பர்ல மறுபடியும் பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. நாள்கணக்கா சோதனை நடந்தும், எந்த வாயு, எங்கிருந்து வந்ததுன்னு பெத்தவங்களுக்கு அப்போ ஒரு உறுதியான பதில் கிடைக்கல. அதே மூணு சொல்தான், கொஞ்சம் அரசாங்க பாஷையில.

17/ இன்னும் கொஞ்சம் பின்னாடி போவோம். 2015-ல சுங்கத்துறை பறிமுதல் செஞ்ச அம்மோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், 37 கண்டெய்னர்ல மணலியில இருந்துச்சு. அஞ்சு வருஷம். பக்கத்துல குடியிருந்தவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? 2020 ஆகஸ்ட் 4 அன்னிக்கு பெய்ரூட் துறைமுகம் வெடிச்ச பிறகுதான் ஊருக்கே தெரிஞ்சது. அவசர அவசரமா ஹைதராபாத்துக்கு அனுப்பினாங்க.

18/ பெய்ரூட்ல வெடிச்சது இதே அம்மோனியம் நைட்ரேட், 2,750 டன். இருநூறு பேருக்கு மேல செத்தாங்க. அதுல முதல்ல போன தீயணைப்புக் குழுவுல பத்து பேர். கிடங்குல தீ, வாங்கன்னு கூப்பிட்டாங்க, போனாங்க. உள்ள என்ன இருக்குன்னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா கிட்டப் போயிருக்க மாட்டாங்க, சுத்தி இருக்கறவங்களை விலக்கியிருப்பாங்க.

19/ அதே 2020, பிப்ரவரி 29. நம்ம மாதவரத்துலயே கெமிக்கல் குடோன் எரிஞ்சது ஞாபகம் இருக்கா? கறும்புகை பல கிலோமீட்டருக்குத் தெரிஞ்சது. பேரல் வெடிக்கற சத்தத்துக்கு நடுவுல தீயணைப்பு வீரர்கள் ராத்திரி முழுக்க நின்னாங்க. நாம மொட்டை மாடியில நின்னு வீடியோ எடுத்தோம். அந்தப் புகையில என்ன இருந்துச்சுன்னு அன்னிக்கு எத்தனை பேர் கேட்டோம்?

20/ இதுக்கெல்லாம் மூதாதை போபால். 1984 டிசம்பர் 2 ராத்திரி. ஆயிரக்கணக்கானவங்க ஹமீதியா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாங்க. அங்க இருந்த டாக்டர்களுக்கு எந்த வாயுன்னு தெரியாது. என்ன மருந்து கொடுக்கறதுன்னும் தெரியாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கிட்டே ஆட்கள் சாகறதைப் பார்த்தாங்க. நாற்பது வருஷம் ஆச்சு. நான் வாட்ஸ்அப் போட்டோவுக்காக ஒண்ணேகால் மணி நேரம் காத்திருந்தேன்.

21/ சட்டம் இல்லையா? தாராளமா இருக்கு. போபாலுக்குப் பிறகு 1987-ல தொழிற்சாலைகள் சட்டத்துல திருத்தம் வந்துச்சு: ஆபத்தான பொருள் பத்தின தகவலைத் தொழிலாளிக்கும் சுத்துவட்டார மக்களுக்கும் சொல்லியே ஆகணும்னு. 1989-ல அபாயகரமான வேதிப்பொருள் விதிகள் வந்துச்சு. பெரிய அளவுல இருப்பு வெச்சிருக்கற கம்பெனி, விபத்து நடந்தா பாதிக்கப்படக்கூடிய வெளி ஆட்களுக்கும் என்ன ஆபத்து, என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லணும்.

22/ இதைப் படிக்கற மணலி, எண்ணூர், மாதவரம்வாசிகளைக் கேக்கறேன். உங்க வீட்டுக் கதவுக்கு பீட்சா நோட்டீஸ் வந்திருக்கு. பிளாட் விக்கற நோட்டீஸ் வந்திருக்கு. எலெக்‌ஷனுக்கு எல்லா கட்சி நோட்டீஸும் வந்திருக்கு. "பக்கத்து ஆலையில இந்த வாயு இருக்கு, சைரன் இப்படி அடிச்சா இந்தப் பக்கம் போங்க"ன்னு ஒரே ஒரு நோட்டீஸ் வந்திருக்கா? வந்திருந்தா பதில்ல போட்டோ போடுங்க. நான் சந்தோஷமா ஷேர் பண்றேன்.

23/ வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆலைக்கு வெளியவும் ஒத்திகை நடத்தணும்னு விதி. 2020 மே 7-ல விசாகப்பட்டினத்துல ஸ்டைரீன் வாயு கசிஞ்சப்போ எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில சைரன் இருந்துச்சு. ஆனா ஒலிக்கல. தூக்கத்துல இருந்தவங்களை எழுப்பினது நெடிதான். 12 பேர் செத்தாங்க. ஒத்திகை பார்க்காத சைரன் சுவத்துல மாட்டின படம்.

24/ இன்னொரு ஓட்டையும் சொல்லணும். விதியில அளவு வெச்சிருக்காங்க, இத்தனை டன்னுக்கு மேல இருந்தாத்தான் பெரிய விபத்துத் திட்டம் வேணும்னு. ஷெட்ல இருக்கற 20 லிட்டர் கேன் அந்தக் கணக்குலயே வராது. ஒரு விரலுக்கு 20 லிட்டர் வேண்டாம், 20 சொட்டு போதும். சின்ன ஷெட், சப் காண்ட்ராக்ட், தினக்கூலி: எமர்ஜென்சிக்கு என்கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க இவங்கதான்.

25/ சிந்தினதைச் சுத்தம் செய்யறதும் வேலைதான். அதையும் யார் தலையில கட்டறோம்? 2017 ஜனவரி 28 காமராஜர் துறைமுகம் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ பக்கெட்டால அள்ளினோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலி சி.பி.சி.எல். பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தப்போ, மீனவர்கள் படகுல உக்காந்து மக்காலயும் பக்கெட்டாலயும் அள்ளினாங்க. கால்ல பூட்ஸ் இல்லாதவங்களையும் பார்த்தோம்.

26/ கிட்டத்தட்ட ஏழு வருஷ இடைவெளி. ராக்கெட் நிலாவுக்குப் போயாச்சு. நம்ம கருவி மாறல, அதே பக்கெட். அள்ளினவங்ககிட்ட, இந்த எண்ணெய்ல ஆவியாகற பொருள் இருக்கு, தோல்ல படக்கூடாது, மூச்சுல இழுக்கக்கூடாதுன்னு யார் உக்காந்து சொன்னாங்க? மீன் போச்சு, வலை போச்சு, தோல் அரிப்போட வீட்டுக்குப் போனாங்க.

27/ சரி, எதிர்த்தரப்பு. "டாக்டர், வடசென்னைக்குச் சோறு போடறதே இந்தக் கம்பெனிங்கதான். மூடச் சொல்றீங்களா?" இல்ல. மூடச் சொல்லல. பேர் சொல்லச் சொல்றேன். கேன் மேல இருக்கற பேரைத் தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி ஒட்டினா எந்த ஆலையும் நஷ்டத்துல மூடாது.

28/ "சொன்னா ஜனங்க பீதியாவாங்க." பீதி தெரிஞ்சதால வர்றதில்ல. நடுராத்திரி எதுன்னே தெரியாம ஓடறதுதான் பீதி. வீட்டுல கேஸ் சிலிண்டர் இருக்கு. நெடி வந்தா ஸ்விட்ச் போடக்கூடாது, ஜன்னலைத் திறக்கணும்னு பாட்டிக்குக்கூடத் தெரியும். யாராவது பீதியில சமைக்காம இருக்காங்களா?

29/ "ஃபார்முலா கம்பெனி ரகசியம்." எனக்கு உங்க ஃபார்முலா வேண்டாம். எத்தனை சதவீதம், எங்க வாங்கறீங்க, எப்படி கலக்கறீங்க, எதுவும் வேண்டாம். பையன் கையில பட்ட விஷத்தோட பேர் வேணும். உங்க ரகசியத்தைக் காப்பாத்த அவன் விரலைக் கொடுக்க வேண்டியதில்ல.

30/ இப்போ வேலைக்குப் போற உங்களுக்கு. சிந்தினா முதல் அஞ்சு நிமிஷம் என்ன?
விலகுங்க, சத்தம் போட்டு மத்தவங்களையும் விலக்குங்க. பயிற்சியும் கவசமும் இல்லாம அடைக்கப் போகாதீங்க.
உடையைக் கழட்டுங்க, மேல ஒட்டினதுல பெரும்பகுதி அதோட போயிடும். வெக்கப்படற நேரம் இல்ல.
ஓடற தண்ணியில கழுவுங்க, குறைஞ்சது 15 நிமிஷம். கண்ணுல காரம் பட்டிருந்தா அரை மணி நேரம். சுண்ணாம்பு மாதிரி தூளா இருந்தா முதல்ல தட்டிவிட்டு, அப்புறம் தண்ணி.

31/ செய்யக்கூடாதது:
ஆசிட் பட்ட தோல்ல சோடா போடாதீங்க, சூடு கிளம்பி இன்னும் வேகும்.
குடிச்சிட்டா சோப்புத்தண்ணி, உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. போகும்போது எரிச்சது வரும்போதும் எரிக்கும்.
நைட்ரிக் ஆசிட் மேல மரத்தூள் கொட்டாதீங்க, தீப்பிடிக்கும்.
மோர் குடிச்சா சரியாகும், வெல்லம் சாப்பிட்டா நுரையீரல் சுத்தமாகும்ங்கறதெல்லாம் கம்பெனிக்கு செலவு மிச்சம். உங்களுக்கு வைத்தியம் இல்ல.

32/ தொட்டிக்குள்ள, டேங்குக்குள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா நீங்க குதிக்காதீங்க. கல்லு மனசோட சொல்லல. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு ஏறினா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்னு நினைக்கறவங்கதான் ரெண்டாவது, மூணாவது பிணம். 101-க்குப் போன் பண்ணுங்க, காத்து சிலிண்டரோட வரச்சொல்லுங்க.

33/ "இப்போ நல்லா இருக்கேன் சார்"னு வீட்டுக்குப் போயிடாதீங்க. குளோரின், நைட்ரிக் ஆசிட்டோட பழுப்புப் புகை மாதிரி சிலது இழுத்த அன்னிக்கு லேசான இருமலோட விடும். பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோக்கும். தூக்கத்துல மூச்சு முட்டும். யாரை ராத்திரி வெச்சிருந்து பார்க்கணும், யாரை அனுப்பலாம்னு முடிவெடுக்க எனக்கு வேண்டியது மறுபடியும் அதே: பேர்.

34/ அதனால, நாளைக்கு ஷிப்ட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. நீங்க தொடற ஒவ்வொரு கேன், டிரம், மூட்டையோட லேபிளை போன்ல போட்டோ எடுங்க. வீட்டுல ஒருத்தருக்கும், கூட வேலை செய்யற ஒருத்தருக்கும் அனுப்பி வைங்க. லேபிள் இல்லாத கேனா? அதையும் எடுங்க. "இதுல என்ன இருக்கு"ன்னு கேளுங்க. தனியா கேக்க பயமா இருந்தா நாலு பேரா கேளுங்க.

35/ டேங்கர் லாரி ஓட்டற அண்ணன்மாரே, பின்னாடி இருக்கற பலகையில நாலு இலக்க எண் இருக்கும். 1005-னா அமோனியா, 1017-னா குளோரின், 1075-னா எல்.பி.ஜி. விபத்துன்னா 108-க்கும் 101-க்கும் முதல்ல அந்த எண்ணைச் சொல்லுங்க. ரோட்டுல போற நாமளும் தள்ளி நின்னு அதைப் படிச்சுச் சொல்லலாம். கிட்டப் போய் வீடியோ எடுக்கறதை விட அது உதவும்.

36/ காண்ட்ராக்ட் தொழிலாளிங்களுக்கு: மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும்னா, உங்க கம்பெனி இ.எஸ்.ஐ.க்குள்ள வர்றதுன்னா, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உங்களுக்குப் பாத்தியதை உண்டு. "கேஸ் ஆனா வேலை போயிடும்"னு சொன்னா, கேஸ் ஷீட்ல எழுதலன்னா உங்க கைக்கு ஈடும் கிடையாதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. டாக்டர்கிட்ட வேலையில நடந்ததுன்னு தெளிவா சொல்லுங்க.

37/ ஓனர்களுக்கு: ஒவ்வொரு பொருளோட எம்.எஸ்.டி.எஸ். தாளையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு கேட்டுல தொங்க விடுங்க. ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனா அந்தத் தாளும் கூடப் போகணும். பத்து நொடியில போற தூரத்துல கண் கழுவற குழாய் வைங்க. வெச்சிட்டு அதுல துணி காயப்போடாதீங்க. ஒரு இடத்துல நான் என் கண்ணால பார்த்தேன்.

38/ டூட்டி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும்: "ஏதோ கெமிக்கல்"னு கேஸ் ஷீட்ல எழுதறதை நாமளும் நிறுத்துவோம். எழுதினா நாமளும் அந்த ஏற்பாட்டுல பங்காளி. லேபிள் கேளுங்க, போட்டோ கேளுங்க. எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தோட இலவச எண் 1800 116 117 உங்க டேபிள்ல ஒட்டி வைங்க.

39/ அந்தப் பையன் மூணு மாசம் கழிச்சு ஓ.பி.க்கு வந்தான். வேற ஷெட்ல சேர்ந்துட்டானாம். விரல் நுனி இல்லாம ஸ்பேனர் பிடிக்கப் பழகிட்டான். கிளம்பும்போது போனை எடுத்துக் காட்டினான். புது இடத்துல இருக்கற பதினொரு கேனோட லேபிள் போட்டோ. "ரெண்டு கேனுக்கு லேபிள் இல்ல சார். கேட்டுட்டு இருக்கேன்."

40/ அவன் கேட்டுட்டு இருக்கான். நீங்களும் கேளுங்க. தெரிஞ்ச நாலு தொழிலாளிங்களுக்கு இந்த இழையை அனுப்புங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. இந்தி, ஒடியா, வங்காளி தெரிஞ்சவங்க மொழிபெயர்த்துப் போடுங்க.